கண்டி பஸ்ஸில் போகும் புழுக்கள்

வியாழக்கிழமை காலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு ஐஸ்கிறீம் பெட்டி இருந்தால் அதைத் திறக்கக் கூடாதென்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு லீற்றர்ப் பெட்டி. மூடியில் ஊசியைக் காய்ச்சிக் குத்திய துளைகள். உள்ளே கழுவிப் பிழிந்த தும்புத்தூள், அதற்குள் இருபது மண்புழு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை இந்தப் பெட்டி திருகோணமலையில் கண்டி பஸ் ஏறும். கண்டியில் கைமாறி நுவரெலியாவுக்குப் போகும். அங்கே ஒரு வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இருக்கும் பிராணிக்குத்தான் இந்த இருபதும். அதை நான் மூன்று வருடமாகக் காணவில்லை. ஆனாலும் அதன் இரண்டு கண்ணுக்கும் இடையில் எவ்வளவு அகலம் என்று யாரும் கேட்டால் சுண்டுவிரலை நீட்டிக் காட்டுவேன். அதைவிடத் தடித்த புழு என் பெட்டிக்குள் போகாது.

அழகு மீனுக்கு உயிருணவு வளர்த்து விற்பது என் தொழில். ஊரே மீன் பிடித்து விற்கிற இடத்தில் மீனுக்குச் சாப்பாடு விற்கிறவன் என்று என்னைப் பகிடி பண்ணாத ஆள் மனையாவெளியில் இல்லை. இது அப்பாவிடமிருந்து வந்த பைத்தியம். அவர் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். 1957இல் வெள்ளைக்காரன் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, ஒரு அதிகாரியின் பங்களாவிலிருந்து விரிசல் விழுந்த கண்ணாடித் தொட்டியொன்று அவர் கைக்கு வந்தது. தாரைக் காய்ச்சி விரிசலை அடைத்தார். நான் பிறந்தபோது அதில் பைட்டர் மீன் இருந்ததாம். எனக்கு ஆறு ஏழு வயதில் வந்த முதல் வேலை, கானோரம் சிரட்டையோடு போய் நுளம்புக் குடம்பி அள்ளிக்கொண்டு வருவது. நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுக் கீழே போகும் அந்தக் கறுப்பு நூல்களைப் பைட்டர் மீன் பாய்ந்து விழுங்குவதைப் பார்ப்பதுதான் அப்போது எனக்கு சினிமா.

பிறகு மொய்னா, ரியூபிபெக்ஸ், ஆர்ட்டீமியா என்று ஒவ்வொன்றாகப் பழகினேன். ஒவ்வொன்றையும் குறைந்தது நாலு தடவை சாகவிட்டுத்தான் பழகினேன். மண்புழு மட்டும் கந்தளாய்க் குளத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்காக வளவின் ஒரு மூலையில் சும்மா கிடந்தது. அதை நான் தொழிலாகவே எண்ணவில்லை.

2019இல் ஒரு பெடியன் வந்தான். உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை. கையில் பொலித்தீன் பை, பைக்குள் மூன்று அங்குலத்தில் வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒன்று. மீனுக்கு மூடிக்குள் ஒளிந்திருக்கும் பூ இதற்குத் தலையின் இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக வெளியே விரிந்து ஆடிக்கொண்டிருந்தது. நாலு கால். இமையில்லாத கண். சிரிக்கிற மாதிரி வாய்.

"மாமா, இது என்ன தின்னும்?"

"அதுக்கு முதல் இது என்னெண்டு சொல்லு தம்பி."

அக்ஸலோட்டல் என்றான். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான். படத்தில் பார்த்திருந்தேன், நேரில் அன்றுதான். மெக்சிக்கோ நகரத்தை ஒட்டிய சோச்சிமில்கோ ஏரியும் வாய்க்கால்களும்தான் அதன் சொந்த ஊர். தவளைக்குத் தூரத்து உறவு. தவளையின் வாற்பேத்தை வாலைத் தொலைத்துத் தரையேறும். இது தரையேறாமல் தண்ணீருக்குள்ளேயே பெருத்து, குடம்பிக் கோலத்திலேயே முட்டையிட்டு, அதே கோலத்தில் கிழடாகும். 1860களில் மெக்சிக்கோவிலிருந்து பாரிசுக்கு 34 பிராணிகள் கப்பலில் போயின. அவற்றில் ஆறை அங்கிருந்த விலங்கியலாளர் டுமேரில் வளர்த்து முட்டையிட வைத்தார். குஞ்சுகளில் சில பூவை உதிர்த்துத் தரை வாழ்வியாக மாறியபோது அவரே திகைத்துப்போனார். உலகத்து ஆய்வுகூடங்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் இருக்கும் அக்ஸலோட்டல்களில் பெரும்பாலானவை அந்தப் பாரிசுக் கூட்டத்தின் பரம்பரை. சொந்த ஏரியில் அழியும் தறுவாய், கண்ணாடித் தொட்டியில் கோடிக்கணக்கில் ரசிகர்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டவனிடம் நான் தண்ணீரைப் பற்றித்தான் முதலில் கதைத்தேன். இதற்கு 16 முதல் 18 பாகைத் தண்ணீர் வேண்டும். 24ஐத் தாண்டினால் அந்தரிக்கத் தொடங்கும். எங்கள் ஊரில் கச்சான் அடிக்கிற மாதங்களில் நிழலில் வைத்த வாளித் தண்ணீரே 30இல் நிற்கும். "உனக்குக் கிடைச்ச ஊர் இதுதானோ?" என்று அந்தப் பிராணியிடம் கேட்க வேண்டும்போல இருந்தது. பெடியன் எல்லாவற்றையும் யோசித்துத்தான் வந்திருந்தான். ஏசி போட்ட சின்ன அறை, மீன் ஏற்றுகிற ரெஜிபோம் பெட்டியை வெட்டித் தொட்டியைச் சுற்றி ஒட்டிய கவசம், தண்ணீரின் மேற்பரப்பில் அடிக்கிற மாதிரிக் குட்டி விசிறி. காய்ந்த காற்றில் விசிறி மட்டும் மூன்று பாகை குறைக்கும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் அந்த வித்தை அவ்வளவு பலிக்காது.

சாப்பாட்டில்தான் பிழை விட்டிருந்தான். முதல் கிழமை குப்பிக் குஞ்சுகளை விட்டிருக்கிறான். குப்பி வேகம், இது மந்தம். குப்பி இதன் பூவைக் கொத்திக் கிழித்திருந்தது. கடை மீன் ஒட்டுண்ணியையும் சேர்த்துக்கொண்டுதான் வரும். அடுத்ததாக, பறவைக்கு விற்கும் மீல்வேர்ம். அதன் ஓடு கடினம். அக்ஸலோட்டலுக்குப் பல் பேருக்குத்தான், மெல்லாது. வாயைப் படக்கென்று திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சி முழுதாக விழுங்கும். ஓடுள்ளதை விழுங்கினால் வயிற்றில் தங்கும். தொட்டியின் அடியில் கல் பரப்பியிருந்தால் கல்லையும் விழுங்கும். அதைத்தான் நான் முதலில் அள்ளி வெளியே எறியச் சொன்னேன். மூன்றாவதாக ஆர்ட்டீமியா முட்டை வாங்கி வந்திருந்தான். அரை மில்லிமீற்றர்கூட இல்லாத பூச்சி. பசித்த ஆளுக்கு முன்னால் எள்ளைத் தூவிவிட்டுச் சாப்பிடு என்பதுபோல.

அன்று பின்னேரம் வாழைக்குக் கீழே மண்ணைக் கிளறி ஒரு புழு எடுத்தேன். நன்றாகக் கழுவி, பிளேட்டால் மூன்றாக வெட்டி, சாமணத்தால் ஒரு துண்டைப் பிடித்து மூக்குக்கு முன்னால் மெல்ல ஆட்டினேன். கொஞ்ச நேரம் சிலைபோல இருந்தது. பிறகு தலை ஒரு நூல் அளவு திரும்பியது. டக். புழு போன இடம் தெரியவில்லை. பெடியன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

மண்புழுவுக்கு எங்கள் பழைய தமிழில் நாங்கூழ் என்று பெயர். சுந்தரம்பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயத்தில் நடராசன் வயலில் நின்று நாங்கூழ்ப் புழுவைப் பார்த்து வியந்து பேசும் ஒரு கட்டம் உண்டு. மண்ணைத் தின்று மண்ணையே பண்படுத்திக் கொடுக்கும் அதன் உழைப்பைப் பற்றிய பேச்சு. டார்வின் தன் மண்புழுப் புத்தகத்தை வெளியிட்டுப் பத்து வருடம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தைப் படித்தபோது இந்தப் புழுவால் நான் சீவிப்பேன் என்று எண்ணவில்லை. இப்போது யாரும் அக்ஸலோட்டலுக்கு எது நல்ல சாப்பாடு என்று கேட்டால், சுற்றி வளைக்காமல் மண்புழு என்பேன். உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம். ஓடு இல்லை, முள் இல்லை. தண்ணீரில் விழுந்தாலும் உடனே சாகாமல் நெளியும். மற்றதெல்லாம் பருவத்துக்கு ஏற்ற பலகாரம்.

ஆனால் எந்த மண்புழு என்பதில் சங்கதி இருக்கிறது. சேதனப் பசளை செய்கிறவர்கள் பரவலாக வளர்க்கும் புழுக்களில் ஒன்று, உடம்பில் வரிவரியாகச் சிவப்பும் மஞ்சளும் ஓடும் குட்டை இனம். தொட்டால் மஞ்சள் நீர் விடும், அது கசக்கும். பெடியனின் பிராணிக்கு ஒருநாள் அதைக் கொடுத்தேன். உறிஞ்சியது, உடனே துப்பியது. பிறகு இரண்டு நாள் என் சாமணத்தைக் கண்டாலே தலையைத் திருப்பியது. நான் நம்புவது ஆபிரிக்க இனத்தை. நீளம், தடிப்பு, கருஊதா முதுகு, வெளிறிய வயிறு. எங்கள் சூடு அதற்கு ஒத்துப்போகும். 25இலிருந்து 30 பாகைக்குள் பாத்தி இருந்தால் பெருகிக்கொண்டே இருக்கும். கூட்டிலிருந்து இரண்டு மூன்று கிழமையில் குஞ்சு வரும், அதற்குப் பிறகு இரண்டு மாதம் போனால் கழுத்தடியில் வளையம் தெரியும். வளையம் தெரிந்தவற்றில் பாதியைப் பாத்தியில் விட்டுவிட வேண்டும். விலை வருகிறதென்று பெரியதையெல்லாம் பொறுக்கி விற்றுவிட்டு, பாத்தி ஏன் மெலிந்துபோனது என்று ஒரு வருடம் மண்டையைப் போட்டு உடைத்தவன் நான்.

பாத்தி போடுவது சுகமான வேலைபோலத் தெரியும். சாணியும் தும்புத்தூளும் வாழைத்தண்டும், மேலே ஈரச் சாக்கு, அதற்கு மேலே கிடுகுப் பந்தல், அவ்வளவுதான். ஆனால் துறைமுக ஊரில் இந்த ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தும்புத்தூளை எடுத்துக்கொள்ளுங்கள். உவர்த் தண்ணீரில் ஊறப்போட்ட மட்டையில் அடித்த தும்பு என்றால் அதன் தூளிலும் உப்பு ஏறியிருக்கும். மண்புழு தோலால் மூச்சு விடுகிற பிராணி. உப்புப் பட்டால் சுருண்டுவிடும். அதனால் புதிதாக வருகிற மூட்டையில் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். மனைவிக்கு அருவருப்பு. ஆனால் நாற்பது வருடத்தில் என் நாக்கு பிழை விட்டதில்லை. கரித்தால் மூன்று தண்ணீர், கரிக்காவிட்டாலும் ஒரு தண்ணீர்.

சாணி தம்பலகாமத்திலிருந்து லேண்ட்மாஸ்டரில் வரும். புதுச் சாணி சூடேறிப் புழுவை அவித்துவிடும், மூன்று கிழமையாவது ஆறப்போட வேண்டும். மாட்டுக்குப் பூச்சி மருந்து கொடுத்து எத்தனை நாள் என்றும் கேட்பேன். மருந்து குடித்த மாட்டின் சாணியில் என் புழு இரண்டு முறை செத்திருக்கிறது. சாணி கிடைக்காத ஒரு மாரியில் கோட்டைக்குள்ளிருந்து ஊருக்குள் மேய வருகிற மான்களின் புழுக்கையைக் கூட்டி அள்ளிப் பார்த்தேன். நல்ல சரக்கு, புழு விரும்பித் தின்றது. ஆனால் விடியக்காலை பிரெட்ரிக் கோட்டை வாசலில் தும்புத்தடியும் சாக்குமாக நின்ற என்னைப் பார்த்துக் கோணேசர் கோயிலுக்குப் போன சனம் சிரித்ததால் அந்தத் திட்டத்தை விட்டுவிட்டேன்.

எறும்பு வேறு. பாத்திப் பெட்டியின் நாலு காலையும் தகரப் பேணிக்குள் வைத்துத் தண்ணீர் ஊற்றுவது அப்பா காலத்து வழக்கம். அந்தப் பேணித் தண்ணீரில் நுளம்பு முட்டையிடும் என்பதால் நான் இப்போது கழிவு எஞ்சின் ஒயில்தான் விடுகிறேன். நவம்பரில் வாடை தொடங்கி முதல் பெருமழை இறங்குகிற இரவு இன்னொரு தலையிடி. புழுக்கள் ஏதோ கட்டளை வந்ததுபோல் பாத்தியை விட்டு ஊர்ந்து வெளியேறும். ஒருமுறை காலையில் எழும்பிப் பார்த்தபோது கிணற்றடிச் சீமெந்து முழுக்க ஊதா நூல். கோழிகளுக்கு அன்று திருவிழா. இப்போது மழை இரவில் பாத்திக்கு மேலே ஒரு பல்பு எரியும். வெளிச்சத்துக்குப் பயந்து உள்ளேயே கிடக்கும்.

உப்பைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கடலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிறும் போயாவும் சேர்ந்த நாள். என் பெரிய பாத்தி அப்போது நிலாவெளியில் அக்கா வளவில் இருந்தது. நிழல் நல்லது, கிணறும் நல்லது. அக்காவும் பிள்ளைகளும் முதல்நாளே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள், அது எங்கள் புண்ணியம். நகரத்தின் உள்துறைமுகப் பக்கம் பெரிய சேதமில்லாமல் தப்பியது. நிலாவெளியும் கிண்ணியாவும் மூதூரும் தப்பவில்லை. ஒரு கிழமை கழித்து நான் போய்ப் பார்த்தபோது வேலி இல்லை, பந்தல் இல்லை, பாத்தி இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கடல் மணல். மனிதரைத் தேடிக்கொண்டிருந்த ஊரில் புழுவைத் தேடுவது வெட்கமாக இருந்தது. யாரும் பாராத நேரத்தில் ஒரு கைப்பிடி மணலைக் கிளறினேன். ஒன்றும் இல்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீர் கரிப்பு நீங்கப் பல மாரி எடுத்தது. அதற்குப் பிறகு பாத்தி போடவென்று நான் கடலோரம் போகவில்லை.

நுளம்புக் கதையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அக்ஸலோட்டல் குஞ்சுக்கும் சரி பைட்டருக்கும் சரி, நுளம்புக் குடம்பியைப் போல இலவசமான நல்ல சாப்பாடு கிடையாது. ஆனால் அதை அள்ளி வந்த பிள்ளைப் பருவம் இனி வராது. பொதுவாக அழுக்குத் தண்ணீரில் படகுபோல் ஒட்டிய முட்டைக் கூட்டமாக மிதப்பது கியூலெக்ஸ். வீட்டு வாசலில் சுத்தமான தண்ணீரின் விளிம்பில் தனித்தனியாக ஒட்டிவிட்டுப் போவது ஏடிஸ், டெங்கு அதனால்தான். அந்த முட்டை காய்ந்த வாளியில் மாதக்கணக்கில் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். எங்கள் சூட்டில் ஒரு கிழமை கொஞ்சம் கூடினால் நுளம்பாகிப் பறந்துவிடும். நுளம்பு பெருக இடம்கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். என் வளவிலோ திறந்த தொட்டி பதினேழு.

2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு வெடித்தது. அந்த வருடம் இலங்கை முழுவதும் டெங்கு என்று பதிவானவர்கள் 1,86,000க்கு மேல். கிண்ணியாவிலிருந்து என்னிடம் மொய்னா வாங்க வரும் நானா ஒருவரின் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தது. பிழைத்துவிட்டது. ஆனால் அவர் பிறகு வந்தபோது என் தொட்டிகளை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏசியிருந்தால் பரவாயில்லை. அடுத்த கிழமை சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்தார், சின்ன வயது, சப்பாத்தில் சேறு. "ஐயா, இதெல்லாம் என்ன?" என்றார். மூடியைத் திறந்து காட்டினேன். அவருக்கு முன்னதாகவே நான் தொட்டிகளுக்கெல்லாம் நுளம்பு வலை தைத்து இழுத்துக் கட்டியிருந்தேன். கரண்டியால் ஒவ்வொன்றிலும் அள்ளி அள்ளிப் பார்த்தார். கடைசித் தொட்டியில் வலையில் ஒரு கிழிசல், உள்ளே இரண்டு குடம்பி. எழுதிக்கொண்டு போனார். அவர் செய்தது சரிதான். அன்றோடு நுளம்புக் குடம்பி என் பட்டியலில் இல்லை.

ரியூபிபெக்ஸையும் அதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தியிருந்தேன். சாக்கடைச் சேற்றில் வளர்கிற செம்புழு, எத்தனை நாள் ஓடுகிற தண்ணீரில் வைத்தாலும் அது எங்கே கிடந்தது என்பதை மறக்காது.

மொய்னாவுக்கு வலையும் ஆகும், சூடும் ஆகும். வெயிலில் வைத்த பேசினில் கோழி எருவைத் துணியில் முடிந்து போட்டால் நாலைந்து நாளில் தண்ணீர் பச்சையாகும். அதில் ஒரு தேக்கரண்டி விதை மொய்னாவை விட்டால் அடுத்த கிழமை தண்ணீருக்குள் தூசி துள்ளுவதுபோல் இருக்கும். பெண்களே பெண்களைப் பெற்றுப் பெருகும். நெருக்கடி வந்தால் மட்டும் ஆண் பிறக்கும், உடனே பெண்கள் கறுத்த உறங்குமுட்டை போடும். அந்தக் கறுப்புப் புள்ளியைக் கண்டால் பேசின் இரண்டு நாளில் விழப்போகிறதென்று அர்த்தம். தினமும் காற்பங்கு அள்ளிவிட வேண்டும். அள்ளாமல் பெருகட்டும் என்று விட்டால் ஒரே இரவில் எல்லாம் அடியில்.

ஆர்ட்டீமியாவுக்கு எங்கள் ஊரைப்போல வசதியான இடமில்லை என்று நினைத்திருந்தேன். கடல் வாசலில். தலைகீழாகத் தொங்கவிட்ட சோடாப் போத்தல், கீழிருந்து காற்று, மேலே ஒரு பல்பு, 28 பாகையில் ஒரு நாள். முட்டைக்கோது மேலே மிதக்கும், செம்மஞ்சள் குஞ்சு வெளிச்சத்தைத் தேடிக் கூடும். யுத்த காலத்தில் டச்சுக் குடாக் கரையில் மாலை நேரத்தில் கேன் நிறையக் கடல்நீர் அள்ளுகிறவன் என்ன விளக்கம் சொன்னாலும் சென்றியில் நிற்கும் ஆளுக்கு விளங்காது. "குட்டி இறாலுக்கு" என்று சைகையில் காட்டி ஒருமுறை ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றேன். மாரியில் மகாவலி வந்து கொட்டியாரக் குடாவில் விழுவதால் தண்ணீர் நீர்த்துப்போகும், கல்லுப்புப் போட்டுச் சரிக்கட்ட வேண்டும். நிலாவெளி உப்பளத்தில் செந்நிறமாகக் கிடந்த பாத்தியைக் கண்டு ஆர்ட்டீமியா தானாக விளைகிறதென்று வலையோடு இறங்கிய கூத்தும் உண்டு. உப்பு முற்றிய தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது. கால் வெடித்ததுதான் மிச்சம்.

மொய்னாவும் ஆர்ட்டீமியாவும் அக்ஸலோட்டலின் சின்னக் குஞ்சுக்கு உயிர். கண்டியில் ஒருவர் முட்டை பொரிக்க வைத்து, அவசரமாக மொய்னா விதை கேட்டு எனக்கு அழைப்பு எடுத்தார். முட்டையிலிருந்து வரும்போது காலே இருக்காது. முதல் இரண்டு மூன்று நாள் வயிற்று மஞ்சட்கருவில் ஓடும். அதற்குப் பிறகு முகத்துக்கு முன்னால் அசைகிறது எதுவோ அதுதான் சாப்பாடு, அசையாதது அதன் கணக்கில் இல்லை. சாப்பாடு பிந்தினால் பக்கத்தில் அசைகிற தம்பியின் கால் சாப்பாடு. அவருடைய குஞ்சுகளில் முக்கால்வாசி மூன்று காலோடு இருந்தன. வெட்டுண்ட கால் திரும்ப முளைக்கும் என்பதால் அவர் கவலைப்படவில்லை. எனக்கு மட்டும் அந்தப் படங்களைப் பார்த்தபின் சோறு இறங்கவில்லை.

2021 மேயில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். அதுவரை என் பாத்தியைத் திரும்பிப் பாராதவர்கள் வாசலில் வரிசை. புழு இருக்கா, புழுப் பசளை இருக்கா, சாணி எங்கே எடுக்கிறீர்கள்? தம்பலகாமத்துச் சாணி லேண்ட்மாஸ்டருக்கு நான் கொடுத்த விலை மூன்று மாதத்தில் இரட்டித்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள், வாசல் மறுபடி வெறிச்சோடியது. அந்த ஆறு மாதத்தில் நான் சம்பாதித்தது முன்பு ஐந்து வருடத்திலும் கிடையாது. பெடியனின் பிராணிக்குரிய பங்கை மட்டும் விற்கவில்லை. அதற்குள் அது ஒன்பது அங்குலம். சின்ன வயதில் தினமும் சாப்பாடு கேட்டது, இப்போது கிழமைக்கு மூன்று முறை, முறைக்கு இரண்டு முழுப் புழு. கொடுக்க முதல் நாள் முழுக்க ஈரக் கடதாசியில் போட்டு வைப்பேன், குடலில் உள்ள மண் வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் தொட்டிக்குள் போய்த்தான் வெளியேறும்.

பிறகு 2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. வெளிநாட்டு ஆர்ட்டீமியா டின் எட்டாத விலைக்குப் போனது. டொலர் 200இலிருந்து 360க்கு ஏறியபோது யார் வாங்குவது. என் புழுவுக்கு மின்சாரம் தேவையில்லை. மொய்னாவுக்கு வெயில் போதும். பெடியனின் அறைதான் அடுப்பானது. தண்ணீர்ப் போத்தலை ஐஸாக்கித் தொட்டிக்குள் மிதக்கவிட்டான். பிரிஜே ஓடாத நாளில் ஐஸுக்கு எங்கே போவது? கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் சைக்கிளில் போய் ஐஸ் கட்டிக்கு நின்றான். அங்கே மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் நின்றன, இருந்த ஐஸுக்கும் அடிபிடி. மீனைக் காப்பாற்ற ஐஸ் கேட்கிறவர்களுக்கு நடுவில், வீட்டுத் தொட்டியில் ஒரு பிராணி என்று எப்படிச் சொல்வான்? சொல்லாமலே அரைக் கட்டி வாங்கி வந்தான்.

ஏப்ரலில் ஒரு இரவு என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். தண்ணீர் 27. பூ சுருங்கி முன்பக்கம் வளைந்திருந்தது, வால் நுனி சுருண்டிருந்தது. சாமணத்தில் புழுவை ஆட்டினேன். தலை திரும்பவில்லை. "வேற புழு தாங்கோ மாமா, இது பிடிக்கேல்லப் போல" என்றான். மூன்று வருடம் நான் கொடுத்த அதே பாத்திப் புழு. சாப்பாட்டில் பிழையில்லை தம்பி என்றேன். சூட்டில் குடல் வேலை செய்யாது, போனது வயிற்றிலேயே அழுகும், அதற்கு அது தெரிகிறது, நமக்குத்தான் தெரியவில்லை. அவன் மெழுகுதிரி வெளிச்சத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டான். விசிறித் தாளால் தண்ணீருக்கு விசிறினான். நானும் கொஞ்ச நேரம் விசிறினேன்.

அவனுடைய மாமி நுவரெலியாவில் ஆசிரியை. அங்கே ஏப்ரலில்கூடத் தொட்டித் தண்ணீர் 18ஐத் தாண்டாது, சும்மா மூலையில் வைத்தால் போதும், விசிறியும் வேண்டாம், ஏசியும் வேண்டாம். பெற்றோல் வரிசைக் காலத்தில் பஸ் கிடைப்பதே பெரிய பாடு. ரெஜிபோம் பெட்டிக்குள் வாளி, வாளிக்குள் அது, பக்கத்தில் இரண்டு ஐஸ் போத்தல், நடுச்சாமத்தில் புறப்பட்டு அடுத்தநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தான். ஐந்தாம் நாள் தொலைபேசியில் படம் வந்தது. பூ விரிந்திருந்தது. கீழே ஒரு வரி: மாமா, புழுவுக்கு என்ன செய்யிறது?

அதுதான் சிக்கல். பிராணிக்கு ஏற்ற குளிர் என் புழுவுக்கு ஆகாது. நான் பத்துச் சோடி விதைப் புழு அனுப்பி, பாத்தி போடும் விதத்தையும் எழுதினேன். குசினி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், சாகவில்லை, ஆனால் கூடும் போடவில்லை. தோட்டத்துப் புழு எடுக்கலாமே என்று மாமி கேட்டார். சுற்றிவர லீக்ஸும் உருளைக்கிழங்கும், கிழமைக்கொரு முறை மருந்து அடிக்கிற மண். அந்தப் புழு மருந்தை உடம்பில் சேர்த்துக்கொண்டு வரும். வேண்டாம் என்றேன். என் புழுவை இங்கே நான் வளர்க்கிறேன், உங்கள் பிராணியை அங்கே நீங்கள் வளருங்கள்.

அப்படித் தொடங்கியதுதான் வியாழக்கிழமைப் பெட்டி. பெடியன் இப்போது கட்டாரில். மாமிக்கு முதலில் புழுவைத் தொடவே கூச்சம், இப்போது தலைப்புழு கொழுத்தது, வால்புழு மெலிந்தது என்று எனக்கே கணக்குச் சொல்கிறார். போன முறை இரண்டு புழு திரும்பி வந்தன, அதே பெட்டியில், ஒரு துண்டுக் கடதாசியோடு: இது தடிப்பு, துப்பிவிட்டது. அளந்து பார்த்தேன். என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் கூடத்தான்.

இன்று காலை பஸ் நிலையத்தில் புது கொண்டக்டர். பெட்டியை வாங்கி ஆட்டிப் பார்த்தார். ஆட்டாதீங்கோ என்றேன்.

"உள்ள என்ன முதலாளி?"

"சாப்பாடு."

"பழுதாப் போகுமா?"

"வெயில் படாம வச்சா போகாது."

சீட்டுக்குக் கீழே வைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, எடுத்துத் தன் தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் நிழலாக வைத்தார். பஸ் அநுராதபுரச் சந்தியைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து சாக்கைத் தூக்கினால், போன கிழமை போட்ட வாழைத்தண்டு நூலாகக் கிடந்தது. புதுத் தண்டு வெட்டப் போக வேண்டும்.